எத்தனை வாழை என்று கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் அறுபது சென்ட் விளையில் வாழை வைத்திருக்கிறேன். விளை என்றால் எங்கள் பக்கம் தோட்டம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள். ஓய்வு பெற்ற பிறகு சக ஆசிரியைகள் சிலர் காசிக்குப் போனார்கள், சிலர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வளைகுடாவுக்குப் போனார்கள். நான் மண்வெட்டி வாங்கினேன். விளைக்கு வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கிணற்றடியில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்பதால் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் கேள்வியைவிடச் சிக்கலாக இருக்கும். அதற்கு வாழைதான் பொறுப்பு.

நம் மாவட்டத்தில் மொத்தம் எத்தனை ரக வாழை இருக்கிறது, டீச்சர்?

தொடங்கியபோது கேட்டிருந்தால் மூச்சு விடாமல் ஒன்பது என்று சொல்லியிருப்பேன். மட்டி, ஏத்தன் (மற்ற ஊர்களில் நேந்திரன்), செந்துளுவன், பாளையங்கோட்டான், ரசகதலி, பேயன், மொந்தன், சிங்கன், கதலி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ரகத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒரு மாதத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

தக்கலை, அழகியமண்டபம், குலசேகரம், மார்த்தாண்டம் என்று சந்தை சந்தையாகப் போனேன். போன இடமெல்லாம் புதுப் பெயர். வருடக் கடைசியில் பட்டியல் நாற்பதைத் தாண்டியது. நோட்டு போதவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கன்றுகளை வாங்கி நட்டு, குலை தள்ளிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று பெயரில் மூன்று ஊரில் வாங்கியது ஒரே பழம். அடித்துக்கொண்டே வந்ததில் பட்டியல் இருபத்தைந்துக்கு இறங்கியது. அதற்கு அடுத்த வருடம் எதிர்த்திசையில் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒரே பெயரில் வாங்கிய இரண்டு கன்று இரண்டு விதமாகக் காய்த்தது. கணக்கு மறுபடியும் ஏறத் தொடங்கியது. இது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், பங்குச் சந்தையில் பணம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது என்றார்.

இப்போது நான்காவது நோட்டு. யாராவது கேட்டால் திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன். சொல்லும்போது "இன்றைய கணக்குப்படி" என்று சேர்த்துக்கொள்கிறேன்.

பெயரில் அப்படி என்ன குழப்பம்? பூவன் என்றால் பூவன்தானே?

எங்கள் மகள் கல்யாணத்துக்கு முன்பு திருச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். தாம்பூலத்துக்குப் பூவன் பழம் வேண்டும் என்றார்கள். நான் ஆள் அனுப்பிக் களியக்காவிளை எல்லைக்கு அப்பால், கேரளத்திலிருந்து நல்ல பூவனாக வரவழைத்தேன். அவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. திருச்சிப் பக்கம் பூவன் என்பது நம் சந்தையில் குவிந்து கிடக்கும் பாளையங்கோட்டான். கேரளத்தில் பூவன் என்பது தமிழ்நாட்டின் ரஸ்தாளி. எல்லையில் நிற்கும் நமக்கு இரண்டு பக்கத்துப் பெயரும் காதில் விழுகிறது. எந்தக் கடைக்காரர் எந்தப் பக்கத்துப் பூவனைச் சொல்கிறார் என்று பழத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ரசகதலியும் ரஸ்தாளியும் ஒன்றுபோல ஒலிக்கும். பழம் வேறு. ரசகதலிதான் பெங்களூரில் ஏலக்கி, கேரளத்தில் ஞாலிப்பூவன். இதை எழுதி முடித்தபோது என் முதல் நோட்டில் பாதிக்கு மேல் சிவப்பு மை.

மட்டி ஒன்றாவது உறுதியா?

மட்டி நம்முடையது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் பழம். 2023இல் 'கன்னியாகுமரி மட்டி' என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பால் மறக்கும் குழந்தைக்கு முதலில் பிசைந்து கொடுக்கிற பழம். அறையில் ஒரு சீப்பு இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும், அப்படி ஒரு மணம்.

ஒன்றா என்றால், அதுதான் இல்லை. செம்மட்டி இருக்கிறது, தேன்மட்டி இருக்கிறது, மலைமட்டி இருக்கிறது. விற்கிறவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பினால் இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது? சின்ன வயதிலிருந்தே ஆர்வமா?

இல்லை. ஒரு தப்பிலிருந்து ஆரம்பித்தது.

1990களின் கடைசியில் ஒரு பிற்பகல், ஒன்பதாம் வகுப்பு. மகரந்தச் சேர்க்கை, சூல், விதை, விதையிலிருந்து செடி என்று பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், வாழைப்பழத்தில் விதை இல்லையே. அப்படியென்றால் முதல் வாழை எங்கிருந்து வந்தது?" என்றாள்.

கன்றிலிருந்து, என்றேன். "அந்தக் கன்று?" என்றாள். தாய் வாழையிலிருந்து. "அந்தத் தாய்?" வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாடத்தில் இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்கார் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அந்த வருடம் முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எனக்குப் பதில் தெரியாது என்பதைவிட, எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை என்பதுதான் உறுத்தியது. தினமும் காலையில் பயறும் புட்டுமாக ஒரு பழம் பிசைந்து தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். வாழையைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் பிசைந்திருக்கிறேன்.

வாழை மரமா, செடியா?

செடி. நாம் தண்டு என்று நினைப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலைமடல்கள். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலத்தில் அந்தக் கிழங்கிலிருந்துதான் பூத்தண்டு மடல்களுக்கு நடுவே ஏறி வெளியே வருகிறது. பொரியல் வைக்கிற வாழைத்தண்டு அதுதான்.

பழத்துக்குள் இருக்கும் கருப்புப் புள்ளிகள் விதையா? நட்டால் முளைக்குமா?

விதையாக வேண்டியவை, ஆகாமல் நின்றுவிட்டவை. முளைக்காது. சூல் கருவுறாமலேயே பழத்தின் சதை வளர்ந்துவிடுகிறது. ஏத்தன், செந்துளுவன், பாளையங்கோட்டான் போன்றவற்றில் இன்னொரு கூத்தும் உண்டு. சாதாரணமாக உயிர்களுக்குக் குரோமோசோம்கள் தாயிடமிருந்து ஒரு கட்டு, தந்தையிடமிருந்து ஒரு கட்டு என இரண்டு கட்டாக இருக்கும். இவற்றுக்கு மூன்று கட்டு. இனப்பெருக்க அணு உண்டாகும்போது மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது. மூன்று பழத்தை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். மட்டிக்கு இரண்டே கட்டுதான், ஆனாலும் அதற்கும் விதை இல்லை.

ஆகவே எல்லாம் பக்கக் கன்றுதான். என் விளையில் நிற்கும் ஏத்தன் என் பாட்டி வீட்டில் நின்ற ஏத்தனின் பேத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தி கிடையாது. அதே ஏத்தன்தான், வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு ஊர் ஊராக நடந்து வந்து என் கிணற்றடியில் நிற்கிறது.

செவ்வாழைக் கன்று என்று வாங்கினேன். பச்சைக் குலை வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

எனக்கும் இதேதான் நடந்தது. நாம் செந்துளுவன் என்று சொல்கிற செவ்வாழையில் ஐந்து கன்று, கன்று விற்கும் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். நான்கு சிவந்த மேனியோடு வளர்ந்தன. ஐந்தாவது இரண்டு மாதத்தில் வெளுக்கத் தொடங்கியது. இலை நரம்பில் இருந்த சிவப்பு போயிற்று. மடல் பச்சையாயிற்று. குலை தள்ளியபோது காயும் பச்சை. ஐந்துக்கும் ஒரே விலை கொடுத்திருந்தேன். ஒரு வருடம் முழுக்க அந்தப் பெரியவரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகுதான் படித்தேன். செவ்வாழையில் இது உலகம் முழுக்க நடப்பது. சில கன்றுகள் தாமாகவே சிவப்பை விட்டுவிட்டுப் பச்சைக்குத் திரும்பிவிடும். அளவும் சுவையும் ஏறக்குறைய அதேதான், நிறம் மட்டும் போய்விடும். அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அது எனக்குத் தெரியுமே டீச்சரே, நீங்கள்தான் பேசவே இல்லை" என்றார்.

ஆகவே கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்பு அந்த வாழையின் அடியைப் பாருங்கள். மடலில் எங்காவது சிவப்புக் கோடு மிச்சம் இருக்கலாம்.

அந்தப் பெரியவரைப் பற்றி அடிக்கடி சொல்கிறீர்களே. படிக்காத அவருக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

நான் அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவது. பேச்சிப்பாறை போகிற வழியில் அவருடைய விளை. கன்றைக் கையில் வாங்கினதும் அடியைக் கத்தியால் ஒரு சீவு சீவி, மோந்து பார்த்துவிட்டு ரகம் சொல்வார். ஈட்டி மாதிரிக் கூர்மையாக இலை விட்ட கன்றைத்தான் விற்பார். அகன்ற இலையோடு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும் கன்றைத் தூக்கி எறிந்துவிடுவார். அது வெறும் தண்ணீர் என்பார். வேளாண்மைப் புத்தகமும் அதையேதான் சொல்கிறது, அவரைவிட நீளமாக.

ஒருநாள் அவர் சொன்னது: கன்றைத் தாயிடமிருந்து வெட்டியெடுத்த இடத்தில் ஒரு வடு இருக்கும், நடும்போது எல்லா வடுவையும் ஒரே திசை பார்த்து வைத்தால் குலையெல்லாம் எதிர்த் திசையில் சாயும், முட்டுக் கொடுக்க வசதி. எனக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு கன்று நட்டுப் பார்த்தேன். ஒன்பது அவர் சொன்னபடி சாய்ந்தது. மீதி மூன்று ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அதை அந்த மூன்றிடம்தான் கேட்க வேண்டும். நான் எழுபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

முதல் வாழை எங்கிருந்து வந்தது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களா?

இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

1736இல் நெதர்லாந்தில் ஒரு செல்வந்தரின் தோட்டத்துக் கண்ணாடி வீட்டுக்குள் லின்னேயஸ் வாழையைப் பூக்கவைத்தார். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தியவர் இவர்தான். 1753இல் வாழைக்கு மூசா பாரடிசியாக்கா என்று பெயரிட்டார். சில வருடம் கழித்து மூசா சாபியென்டம் என்று இன்னொன்று. சமைக்கும் வாழை ஓர் இனம், தின்னும் வாழை ஓர் இனம், வேலை முடிந்தது. வகுப்பில் நான் பலகையில் எழுதிப்போட்ட பெயரும் இதுதான்.

1820இல் இத்தாலியரான கொல்லா, விதை நிறைந்த இரண்டு காட்டு வாழைகளை விவரித்தார். அக்குமினாட்டா ஒன்று, பால்பிசியானா ஒன்று. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. நூற்றுமுப்பத்தைந்து வருடம் கழித்து 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர், நாம் தின்னும் வாழைகளில் ஆகப் பெரும்பாலானவை இந்த இரண்டு காட்டு வாழைகளின் வாரிசுகள் என்று நிறுவினார்கள். அக்குமினாட்டாவின் கட்டுக்கு ஏ, பால்பிசியானாவின் கட்டுக்கு பி. மட்டி ஏ-ஏ. செந்துளுவன் ஏ-ஏ-ஏ. ஏத்தனும் பாளையங்கோட்டானும் ஏ-ஏ-பி. பேயனும் மொந்தனும் ஏ-பி-பி. லின்னேயஸ் இனம் என்று பெயர் வைத்த இரண்டுமே கலப்பு என்று ஆகிவிட்டது. அவருடைய சாபியென்டம் நம் ரஸ்தாளி வகை.

எவ்வளவு அழகான கணக்கு! இரண்டே எழுத்தில் உலகத்து வாழையெல்லாம் அடங்கிவிட்டது. இதை முதலில் படித்தபோது நோட்டையெல்லாம் மூடிவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, காட்டில் விதையோடு இரண்டு வாழை இருந்தது மகளே, அவைதான் தாயும் தந்தையும் என்று சொல்லிவிட ஆசைப்பட்டேன். நியூகினியின் குக் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 வருடத்துக்கு முன்பே வாழை பயிரிட்ட தடயம் கிடைத்ததையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

நல்லவேளை, சொல்லவில்லை. 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு அக்குமினாட்டாவின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்தது. 11 குரோமோசோம், 36,000க்கும் மேற்பட்ட மரபணு. 2019இல் பால்பிசியானாவையும் படித்தார்கள். அகராதி கையில் வந்த பிறகு ஒவ்வொரு வாழையையும் பிரித்துப் படிக்கலாம் அல்லவா? படித்தார்கள். 2022இல் வெளியான ஆய்வில், ஏ என்று நாம் ஒற்றை எழுத்தில் எழுதுவதே பல காட்டுக் கிளைகளிலிருந்து துண்டு துண்டாகச் சேர்ந்த கதம்பம் என்று தெரிந்தது. துண்டுகளை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்த்தால், மூன்று பேரின் துண்டுகளுக்கு உரியவர்களைக் காணவில்லை. மூன்று முன்னோர்கள். ஒன்று தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கலாம், இன்னொன்று வடக்குப் போர்னியோவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையில், மூன்றாவது நியூகினியில் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எந்தக் காட்டில் எந்தப் பாறைச் சரிவில் நிற்கிறதோ, அல்லது நின்று அழிந்துவிட்டதோ.

லின்னேயஸ் காலத்தில் வாழையில் தெரியாதது எதுவும் இல்லை. 2022இல் மூன்று தாத்தாக்களைக் காணோம்.

வீட்டிலேயே ஏ, பி பார்க்க முடியுமா?

முடியும். சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் நுண்ணோக்கி கேட்கவில்லை, கண்ணால் பார்க்கக்கூடிய பதினைந்து அடையாளங்களைத்தான் சொன்னார்கள். பழைய சேலை ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், வாழைக்கறை பட்டால் போகாது.

மட்டியில் ஓர் இலை, ஏத்தனில் ஓர் இலை, மொந்தனில் ஓர் இலை காம்போடு வெட்டி எடுங்கள். காம்பை நடுவில் குறுக்கே, ஒரே வெட்டில், நசுங்காமல் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் சின்னச் சின்ன அறைகளாகத் தேன்கூடு போலத் தெரியும், நீர் துளிர்க்கும். பார்க்க வேண்டியது மேற்புறத்து வாய்க்கால். மட்டியில் அது விரிந்து திறந்திருக்கும். மொந்தனில் இரண்டு கரையும் உள்நோக்கி மடிந்து கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். ஏத்தனில் நடுத்தரம். மழைத்தண்ணீரை மட்டி அகலமாக வாங்குகிறது, மொந்தன் மூடிக்கொண்டு வாங்குகிறது என்று ஒரு பையன் சொன்னான். எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது கூம்பு, அதாவது வாழைப்பூ. பூமடல் விரிந்த பிறகு பின்பக்கமாகச் சுருண்டால் ஏ. சுருளாமல் தூக்கி மட்டும் நின்றால் பி. பிஞ்சை வெட்டி லென்ஸ் வைத்தால், சூல்கள் ஒழுங்காக இரண்டு வரிசை நிற்பது ஏ, தாறுமாறாக நான்கு வரிசை நிற்பது பி.

அடையாளம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். சுத்தமான அக்குமினாட்டா 15 வாங்கும், சுத்தமான பால்பிசியானா 75 வாங்கும். ஒரே ஏத்தனுக்கு என் பழைய மாணவிகள் இருவர் போட்ட மதிப்பெண் 34, 43. இருவரும் தங்கள் வெட்டுதான் சரி என்று சாயங்காலம் வரை வாதாடினார்கள்.

திருச்சி மையத்துக்கு அனுப்பினால் பெயர் சொல்லிவிடுவார்களே?

சொல்வார்கள். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் அங்கே இருக்கிறது, 400க்கும் மேற்பட்ட வகைகளைத் தோட்டமாகவே காப்பாற்றி வருகிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,600க்கும் மேற்பட்ட வகைகளைச் சோதனைக்குழாயில் வைத்திருக்கிறார்கள். நம் பேச்சிப்பாறையிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. நான் கேட்டுத்தான் பழகியிருக்கிறேன். ஆனால் நாமே வெட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கேட்கும் கேள்வி நன்றாக இருக்கும்.

ஒக்கி புயலில் உங்கள் விளை என்னவாயிற்று?

2017 நவம்பர் 30. காற்று நின்று வெளியே வந்தபோது, நிற்கிற வாழையை எண்ண ஒரு கை விரல் போதுமாக இருந்தது. மாவட்டம் முழுக்க வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்த சமயத்தில் என் அறுபது சென்டுக்காக அழ வெட்கமாக இருந்தது. கிழங்கு இருந்தவை மறுபடி துளிர்த்தன. ஒன்று மட்டும் துளிர்க்கவில்லை. தெற்கு வேலியோரம் நின்றது, குலசேகரத்தில் ஓர் அம்மா கொடுத்தது. பெயர் கேட்டதற்கு, எங்கள் வீட்டு வாழை என்றார். நானும் நோட்டில் 'எங்கள் வீட்டு வாழை' என்றே எழுதி, குலை தள்ளட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்த அம்மா வீட்டிலும் மிச்சம் இல்லை. அந்தப் பக்கத்தை நான் அடிக்கவில்லை.

படிக்கப் படிக்கத் தெரியாததுதான் கூடுகிறது என்கிறீர்கள். அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

இதைக் கேட்டவர் என் தம்பி. அவன் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்.

நான் வகுப்பில் அந்தப் பெண்ணை உட்காரச் சொன்ன நாளிலும் எனக்குத் தெரியாதது ஏராளம் இருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பனி மூடிய ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி, மலை இருப்பதே தெரியாது. இன்று என்னுடைய தெரியாதவற்றுக்குக் கதவு எண் இருக்கிறது. மட்டியின் உடம்பில் அந்தக் காணாமல்போன மூன்று பேரில் யாருடைய பங்கு இருக்கிறது? செம்மட்டி மட்டியிலிருந்து பிரிந்ததா, தனியாக வந்ததா? பன்னிரண்டில் மூன்று ஏன் சாயவில்லை? இதில் முதல் கேள்வியை 2022க்கு முன்னால் உலகத்தில் யாராலும் கேட்டிருக்க முடியாது. அதைக் கேட்கும் இடத்துக்கு வந்து சேரவே எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமும் மூன்றரை நோட்டும் ஆகின.

தம்பி சமாதானம் ஆகவில்லை. "சரி அக்கா, அந்த நோட்டில் ஒரு குலைக்கு எத்தனை ரூபாய் லாபம் என்றாவது எழுதியிருக்கிறாயா?" என்றான். எழுதியிருக்கிறேன். ஓணம் நெருங்கும்போது ஏத்தனுக்கு நல்ல விலை. மற்றவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

'கற்றது கைம்மண்ணளவு' என்பதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள்?

அந்த வரியை எனக்குப் பிடிக்கும். அதை மேற்கோள் காட்டுகிறவர்களைத்தான் பிடிக்காது. பெரும்பாலும் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில்தான் சொல்வார்கள். ஔவையாரின் அந்தப் பாட்டு 'எறும்பும் தன் கையால் எண் சாண்' என்று முடிகிறது. வீண் பந்தயம் பேசும் புலவர்களை நோக்கிச் சொன்னது. அந்த எறும்பை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு நெருக்கமானது குறள் 1110. 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' என்று தொடங்கும். அறிய அறிய முன்பு அறியாதிருந்தது தெரியவருவது போல, என்கிறார். இது கல்வி அதிகாரத்தில் இல்லை. காமத்துப்பாலில், புணர்ச்சி மகிழ்தலில் இருக்கிறது. காதலியைச் சேரச் சேர ஆசை புதிதாவதற்கு இதை உவமை காட்டுகிறார். உவமையாகக் காட்டுவதென்றால் கேட்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த இன்பமாக இருக்க வேண்டும். அறியாமையைக் கண்டுகொள்வதை வள்ளுவர் தலைகுனிய வேண்டிய விஷயமாக வைக்கவில்லை, மகிழ்தலில் வைத்திருக்கிறார். வகுப்பில் இந்த அதிகாரத்தை யாரும் நடத்துவதில்லை, அதனால் பிள்ளைகளுக்கு இது போய்ச் சேருவதும் இல்லை.

'தெரியாது' என்று டீச்சரே சொன்னால் பிள்ளைகள் மதிப்பார்களா?

கடைசி ஆறு வருடம் சொல்லிப் பார்த்தேன். முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் சோதிப்பதற்காகவே கேட்பார்கள். அதற்குப் பிறகு மேசைமேல் ஏதாவது இருக்கும். பழுத்த இலை, இரட்டைப் பழம், செத்த வண்டு.

இரண்டாவது பெஞ்சுப் பெண் இப்போது மார்த்தாண்டம் பக்கம் நர்சாக இருப்பதாகக் கேள்வி. நான் போய்ப் பதில் சொன்னால் என்ன கேள்வி டீச்சர் என்பாள்.

கன்று கிடைக்குமா?

கிடைக்கும், விலை இல்லை. பதிலுக்கு உங்கள் வீட்டுக் கன்று ஒன்று கொண்டுவாருங்கள், உங்கள் வீட்டில் என்ன பெயர் சொல்வீர்களோ அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம். சாரல் நேரத்தில் விளையில் அட்டை இருக்கும், உப்பு வைத்திருக்கிறேன்.

கிணற்றுக்கு மேற்கே ஒன்று நிற்கிறது. பாட்டா கதலி என்றார். அழகியமண்டபம் சந்தைக்காரர் பார்த்துவிட்டுக் கதலி இல்லவே இல்லை என்றார். காம்பின் வாய்க்கால் பாதி திறந்திருக்கிறது, பூமடல் சுருளப்போய்ச் சுருளாமல் நிற்கிறது. ஆவணியில் குலை பழுத்துவிடும். வரும்போது நல்ல கூர்மையான கத்தி ஒன்று எடுத்து வாருங்கள், என்னுடையது மழுங்கிவிட்டது.